பைய பாத்து எழுது

"பையைப் பார்த்து எழுது என்று மாணவியிடம் சொன்னீர்களா, இல்லையா?"

பறக்கும் படை அலுவலர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் வேதநாயகத்துக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். இந்த மனிதரோ செய்தி வாசிப்பவரைப் போல ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து வைத்துப் பேசினார்.

"பைய பாத்து எழுதுன்னுதான் சார் சொன்னேன்," என்றார் வேணி டீச்சர்.

"அதைத்தான் நானும் கேட்கிறேன்."

களக்காட்டை அடுத்த அந்தப் பள்ளிக்குத் தேர்வு மையம் என்ற அங்கீகாரம் கிடைத்து இதுதான் முதல் வருஷம். அதுவரை பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பரீட்சை எழுதினார்கள். பறக்கும் படையின் அறிக்கையில் ஒரு கரும்புள்ளி விழுந்தால் மறுபடி பஸ்தான். பாளையங்கோட்டையிலிருந்து முதன்மைக் கண்காணிப்பாளராக வந்திருந்த வேதநாயகத்தின் நல்ல பெயரும் அதே பஸ்ஸில் ஏறிப் போய்விடும்.

நடந்தது இவ்வளவுதான். கணக்குத் தாளைப் பார்த்ததும் ஜெர்லின் என்ற பிள்ளை எழுதியதையே அடித்து அடித்து எழுதியது. அறைக் கண்காணிப்பாளரான வேணி குனிந்து ஏதோ சொன்னார். வராந்தாவில் வந்துகொண்டிருந்த அலுவலரின் காதில் அதன் வால் மட்டும் விழுந்தது. ஜெர்லின் உட்கார்ந்திருந்தது ஜன்னலோரம். பிள்ளைகளின் பைகளும் அந்த ஜன்னலுக்கு வெளியேதான் கிடந்தன.

அறைக்கு வேறொரு ஆசிரியர் அனுப்பப்பட்டார். பைகள் எல்லாம் முற்றத்துக்குப் போயின. ஜெர்லினின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்ததில் ஒரு டிபன் பாக்ஸும் உடைந்த சீப்பும் விழுந்தன.

"சார், 'பைய'ன்னா எங்க ஊர்ல மெதுவான்னு அர்த்தம்," என்றார் வேணி. "பிள்ளை பதறுச்சு. அதான் சொன்னேன்."

"அப்படியும் ஒரு சொல் உண்டா?" அலுவலர் வேதநாயகத்தின் பக்கம் திரும்பினார். "நீங்கள் இந்த மாவட்டத்துக்காரர்தானே, ஐயா? நீங்களே சொல்லுங்கள்."

வேதநாயகத்துக்குத் தெரியாத சொல்லா? பைய நட, பைய தின்னு என்று சொல்லிச் சொல்லித்தான் அவரை வளர்த்தார்கள். போதாக்குறைக்கு அது சங்கப் புலவர்களே புழங்கிய சொல். மற்ற ஊர்க்காரர்கள் தொலைத்துவிட்டார்கள், நெல்லைக்காரர்கள் தொலைக்கவில்லை. அன்று காலை வினாத்தாள் கட்டு வந்தபோதுகூட, "பைய இறக்கும்வே," என்று அவரே சொன்னார். பக்கத்தில் நின்றது வேணி.

ஆனால் அவர் வேறு கணக்குப் போட்டார். தெரியும் என்றால், டீச்சரோடு சேர்ந்து நீங்களும் மறைக்கிறீர்களா என்று கேள்வி வரும். தெரியாது என்றால் பழி வேணியோடு நின்றுவிடும். வேணியின் வேலைக்கே ஆபத்து வரலாம். ஆனால் மையம் பிழைக்கும், தானும் பிழைக்கலாம்.

சர்ச்சில் வாராவாரம் எழுந்து சாட்சி சொல்கிற மனிதர் அவர்.

"நான் பாளையங்கோட்டையில் படித்தவன், சார். இந்த மாதிரிக் கொச்சையெல்லாம் அங்கே கேட்டதில்லை."

வேணி அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அலுவலரும் வேதநாயகத்தை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அறிக்கையை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை வேதநாயகம் பேனா முனையையே எட்டி எட்டிப் பார்த்தார்.

"பையில் எதுவும் இல்லை. டீச்சர் மீது குற்றமில்லை, மையமும் நன்றாக நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன். நீங்கள் அறைக்குப் போங்கள், டீச்சர்."

வேதநாயகம் மனசுக்குள் ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டார். தன் சாதுரியமான பதில்தான் மையத்தைக் காப்பாற்றியது என்று அவருக்குப் பட்டது. அதே தெம்பில் ஜீப்வரை கூடவே போய்க் கும்பிட்டு நின்றார்.

டிரைவர் சங்கிலிபூதத்தான் ஒரே மூச்சில் வண்டியைப் பின்னால் எடுத்தார். அலுவலர் பதறிப்போய் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"பைய பாத்து எடும்வே. பின்னால பிள்ளையளோட பையெல்லாம் கெடக்குல்லா."