மடி

“தொடாதே! தள்ளி நில்லு. நான் மடி.”

ஈரத் தரையில் கால் வழுக்க, விழாமலிருக்க நாற்காலியின் கையைப் பற்றப்போன மலீஹா, சுட்டுக்கொண்டவளைப் போல் விரல்களை இழுத்துக்கொண்டாள்.

சதுரங்கப்பட்டினத்திலிருந்து அடைமழையில் இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்திருந்தாள் அவள். விடிந்ததும் விடியாததுமாக அண்ணன் ஜெயினுலாபுதீன் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசியிருந்தார்.

“உங்க அண்ணிக்கு வலிப்பு வந்து, மாசம் முடியறதுக்குள்ளயே ஆபரேஷன் பண்ணிட்டாங்க. பொம்பளப் புள்ள. ஒன்ர கிலோதான் கீது. சூடு மட்டும் கொறையக் கூடாதாம். எட்டாம் நம்பர் கட்டிலாண்ட கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. நீ ஒடனே வா.”

எட்டாம் எண் கட்டிலருகே கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதன் விளக்கு அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி முழுவதும் மின்சாரம் இல்லை.

பெட்டிக்குள் குழந்தையும் இல்லை.

மலீஹா சுற்றுமுற்றும் பார்த்தாள். யாரைக் கேட்பது? அடுத்த கட்டிலில் பிள்ளை பெற்றவள் ஒருத்தி, தன் குழந்தையை அணைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் இந்த மடிசார் மாமி. கழுத்துவரை இழுத்துப் போர்த்திய கம்பளி, மூடிய கண்கள், உதட்டில் ஏதோ சுலோகம். நெற்றியில் வியர்வை வேறு!

அந்தப் பச்சைக் கம்பளியை மலீஹா உற்றுப் பார்த்தாள். ஓரத்தில் சிவப்பு நூல் தையல். அண்ணன் கடைக் கம்பளி. அண்ணியின் பிரசவத்துக்கென்று அவளே ஓரம் தைத்துக் கொடுத்தது.

“இது எங்க வூட்டுக் கம்பளி!”

“மெதுவாப் பேசும்மா.”

“இன்னா மெதுவா? நான் தொட்டா ஆவாது, எங்க கம்பளி மட்டும் ஆவுமா?”

“கம்பளிக்குத் தீட்டு கிடையாது” என்றாள் மாமி, கண்ணைத் திறவாமலே.

கோபத்துக்கு ஒரு வசதி உண்டு. துக்கத்தை அது சற்று நேரம் மறைத்து வைக்கும். மலீஹா அந்த வசதியை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டாள்.

“பச்சப்புள்ள குளுர்ல கெடக்கக் கூடாதுன்னு குடுத்தது இது. அதப் புடுங்கிப் போத்திகினு சொகமா குந்திகினு கீறியே, நீயெல்லாம் சாமி கும்பிட்டு இன்னா பிரயோஜனம்? எங்க புள்ள எங்க?”

மாமி கண்ணைத் திறந்தாள்.

“ஃபக்ருன்னிசாவுக்கு நீ என்ன வேணும்?”

“நாத்தனாரு.”

“பேஷ்! நானும் நாத்தனார்தான். இதோ தூங்கறாளே சியாமளா, இவளுக்கு. உன் தலையெல்லாம் சொட்டறது பார். முதல்ல துணியை மாத்திண்டு, சோப்புப் போட்டுக் கையை அலம்பிண்டு வா.”

“ஒன்னாண்ட பேசறதுக்கே நான் குளிச்சிட்டு வரணுமா?”

கூச்சல் கேட்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

“யாரும்மா நீ? எதுக்கு இவங்களாண்ட கத்தற? கரண்ட் போச்சு, ஜெனரேட்டரும் மக்கர். பொட்டி ஆறிப் போயி, புள்ள காலு ஜில்லுனு ஆயிடுச்சு. அம்மா மாடியில நெனவில்லாம கீறாங்க, அப்பா ரத்தம் வாங்க ஓடியிருக்காரு. யாராவது நெஞ்சோட நெஞ்சா, தோலோட தோலா அணைச்சிகினாத்தான் சூடு நிக்கும்னு சொன்னேன். வார்டே ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாத்துது. இவங்கதான் ரவிக்கை ஊக்கைக் கழட்டிட்டு, ‘இங்க குடு’ன்னாங்க. காலைலேர்ந்து தண்ணி குடிக்கக்கூட எந்திரிக்கல.”

மாமி கம்பளியை இரண்டு விரலால் மெல்ல விலக்கினாள்.

அவளுடைய வெற்று மார்பின் மேல், சாத்துக்குடி அளவில் குல்லா போட்ட ஒரு தலை. மாமியின் மூச்சோடு சேர்ந்து அது ஏறி இறங்கியது.

மலீஹா குனிந்து அந்தக் குல்லாவைப் பார்த்தாள். “அப்போ... மடின்னீங்களே மாமி?” என்றாள்.

“பிள்ளை பெத்த வார்டுல ஏதுடி மடி!” மாமி குரலைத் தாழ்த்திச் சிரித்தாள். “பார்க்க வர்றவா எல்லாம் சளியும் சேறுமா வந்து தொட்டுக் கொஞ்சப் பார்க்கறா. கையை அலம்புங்கோன்னா கோவிச்சுக்கறா. மடின்னு சொன்னா மட்டும் மறுபேச்சு இல்லாம ஒதுங்கிப் போயிடறா. என்னை நாலு திட்டு திட்டிண்டு போகட்டுமே, குழந்தைக்கு ஒண்ணும் ஒட்டாதோன்னோ?”

மலீஹா ஓடினாள். கையை முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். உலர்ந்த துணி மாற்றிக்கொண்டு வந்தாள். மாமி எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்கார்த்திவைத்து, குழந்தையை அவள் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டினாள். மேலே கம்பளியைப் போர்த்தினாள்.

“குல்லா நழுவாமப் பார்த்துக்கோ. நான் போய் ஒரு வாய் காபி குடிச்சுட்டு வரேன்.”

அந்தச் சின்னஞ்சிறு இதயம் தன் நெஞ்சின் மேல் படபடப்பதை மலீஹா உணர்ந்தாள். அசையவும் அஞ்சி அப்படியே இருந்தாள்.

சற்றைக்கெல்லாம், தலை முதல் கால் வரை நனைந்து, செருப்பில் சேறு அப்பியபடி ஜெயினுலாபுதீன் ஓடிவந்தார்.

“மலீஹா! உங்க அண்ணி கண்ணத் தொறந்துட்டாம்மா! புள்ள எங்கன்னு கேக்கறா! எங்க, நான் ஒரு தபா...”

சொட்டச் சொட்ட நீண்டது அவர் கை.

மலீஹா கம்பளியை இறுக்கிக்கொண்டாள்.

“தொடாதண்ணே! தள்ளி நில்லு. நான் மடி!”