சக்கரத்தைச் சுற்றியது யார்?

"கொஞ்சம் நிறுத்துங்க! இந்தச் சக்கரத்தைச் சுத்தி ஊரைக் காப்பாத்தினது உங்க தாத்தா இல்லை, எங்க தாத்தா!"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார், அறுபதை ஒட்டிய ஒரு பெண்மணி.

நகராட்சி உதவிப் பொறியாளருக்குத் தூக்கிவாரிப் போட்டது. பழைய பம்ப் ஹவுஸை இடித்துவிட்டு அங்கே கார் நிறுத்துமிடம் கட்டலாமா என்று பார்த்துவர அவரை அனுப்பியிருந்தார்கள். 'ஈ ஓட்டும் இடம், தாராளமாக இடிக்கலாம்' என்று எழுதிவிடுவதென வரும் வழியிலேயே முடிவு செய்திருந்தார். வந்து பார்த்தால் உள்ளே கால் வைக்க இடமில்லை!

ஞாயிறுதோறும் அந்தக் கட்டடத்தை இலவசமாகச் சுற்றிக்காட்டுபவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்த வாரமும் அதே தகராறா அம்மா? வெள்ளம் வந்தப்போ எங்க தாத்தாதான் இங்கே இன்ஜினியர். இது ஊரறிஞ்ச விஷயம்."

"இன்ஜினியர்தான், யார் இல்லைன்னா? தண்ணி முட்டிக்கு வந்ததுமே மேஜை மேல ஏறி உட்கார்ந்துட்டாரே! கழுத்தளவு தண்ணியில நின்னு, இந்தச் சக்கரத்தைச் சுத்தி வடிகால் வால்வைத் திறந்தது எங்க தாத்தா. இங்கே வாட்ச்மேனா இருந்தவர்."

கூட்டம் 'கொல்'லென்று சிரித்தது.

"பயந்துக்கிட்டு ஒண்ணும் ஏறலை. மேலே இருந்து ஆர்டர் போட்டார்!"

"என்ன ஆர்டர்? 'ஐயோ, யாராவது காப்பாத்துங்க'ன்னா?"

வாத்தியாரின் காது சிவந்தது. "உங்க தாத்தாவுக்கு நீச்சலே தெரியாதும்மா!"

"சக்கரத்தைச் சுத்த நீச்சல் எதுக்கு? உங்க தாத்தாவுக்குத்தான் அந்தச் சந்தேகமெல்லாம் வரும்!"

கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்தது. முன்னால் நின்ற பல் டாக்டர் வாட்ச்மேன் பக்கம் சேர்ந்தார். அவர் மனைவி இன்ஜினியர் பக்கம் தாவினார். போகிற போக்கில் எட்டிப் பார்த்தவர்களும் என்ன ரகளை என்று உள்ளே நுழைந்தார்கள்.

பொறியாளருக்குப் பொறுக்கவில்லை. "நகருங்க, நான் சுத்திப் பார்க்கறேன்" என்று சட்டைக் கையை மடித்துவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். முக்கினார், முனகினார். அது அசையவே இல்லை. பல் டாக்டர் வந்து மறுபக்கம் பிடித்ததும் கிறீச்சென்று நகர்ந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

பொறியாளருக்குப் பெருமை பிடிபடவில்லை. "தனி ஆளால முடியாதுங்க. ரெண்டு தாத்தாவும் சேர்ந்துதான் சுத்தியிருப்பாங்க!"

"அதெல்லாம் இல்லை!" என்று வாத்தியாரும் அந்த அம்மாவும் ஒரே குரலில் அவர் மேல் பாய்ந்தார்கள்.

"சரி, சரி, அதை நீங்களே தீர்த்துக்குங்க. ஆனா இந்த இடத்தை இடிக்கக் கூடாதுன்னு எழுதப்போறேன். இவ்வளவு பேர் வர்ற இடத்தைத் தொட்டா ஊர் சும்மா விடுமா?"

மறுபடியும் கைதட்டல். அடுத்த ஞாயிறு கட்டாயம் வருவதாகச் சொல்லிக்கொண்டு, வாசல் வரைக்கும் தாத்தாக்களைப் பற்றியே சண்டை போட்டபடி எல்லோரும் கலைந்தார்கள்.

வாத்தியார் ஜன்னல்களைச் சாத்திவிட்டு வந்தார். அந்த அம்மா இன்னும் நகரவில்லை. பொறியாளர் அவசரமாக இருவருக்கும் நடுவில் போய் நின்றார். இவர்களைத் தனியாக விட்டுப் போனால் கைகலப்பில்தான் போய் முடியும்.

"அம்மா, வாங்க, ஜீப்ல கொண்டுபோய் விடறேன். இந்த மனுஷன்கிட்ட உங்களுக்கு இனி என்ன பேச்சு?"

"உங்களுக்கு எதுக்கு தம்பி சிரமம்?" என்ற அந்த அம்மா, வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, வீட்டுச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"