பல்லு தெரியணும்

கேம்கார்டரைக் கம்ப்யூட்டரில் இணைத்து, கல்யாண வீடியோவை ஏற்றிக்கொண்டிருந்தார் திண்டிவனம் ஸ்டுடியோக்காரர் லூர்து பிரகாஷ். பக்கத்தில், மணப்பெண் வெனிலாவின் அப்பா பாக்கியசாமி.

“பொண்ணு சிரிக்கிற எடத்துல நிறுத்துங்க சார். ஒரு போட்டோ வேணும்.”

நிறுத்தினார். “இது அழகா இருக்குதுங்களே!”

“வாயை மூடிக்கினு இருக்குது. பல்லு தெரியணும். தெத்துப்பல்லுன்னு எப்பவும் கையால மறைச்சிக்கும்.”

அடுத்த காட்சியில் தோழி ஏதோ சொல்ல, வெனிலா மறைக்க மறந்து சிரித்தாள்.

“இதான்! ஜல்தியா குடுங்க.”

“ஃப்ரேம் போடணுங்களா?”

“வேணாம் சார். நேத்து எரிஞ்ச பஸ்லதான் எம்பொண்ணும் ஏறிப் போச்சு. அஞ்சு பொம்பளைங்க பொணம், மொகமே தெரியல. பல்லை வெச்சித்தான் அடையாளம் பாக்கணுமாம்.”

பிரகாஷ் பிரிண்ட் எடுத்தார். அந்தப் போட்டோ யாரோடும் பொருந்திவிடக் கூடாதே என்று அவர் மனசு அடித்துக்கொண்டது.