ஏழாம் அறை பாட்டில்

"நேத்து ராத்திரி நான் விட்டுட்டுப் போன அளவு இன்னிக்கு பாட்டில்ல இல்ல, மதாம் நொல்வென். அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை..."

"புரிஞ்சுபோச்சு!" நொல்வென் விருட்டென்று எழுந்துவிட்டாள். "நீங்க போய் உங்க மேஜையில உக்காருங்க. நான் பாத்துக்கறேன்."

ஏழாம் அறை மதாம் மொர்வான் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நொல்வென் சமையலறைப் பக்கம் பாதி தூரம் போயிருந்தாள். அடுத்தவரைப் பேசி முடிக்க விடும் வழக்கம் அவளுக்கு என்றைக்குமே கிடையாது.

பிரான்சின் பிரெத்தாஞ் கடற்கரையில், அலை வந்து சுவரில் மோதும் அந்தப் பழைய ஓட்டல் அவளுடைய கொள்ளுத்தாத்தா கட்டியது. லிஃப்ட் கிடையாது. மாடிப்படி முனகும். ஆனால் ஜன்னலைத் திறந்தால் கடல், வாடகையும் கையைக் கடிக்காது. அதனாலேயே வருஷா வருஷம் வருகிறவர்கள் அதிகம்.

இரவுச் சாப்பாட்டில் மிஞ்சிய ஒயின் பாட்டிலின் கழுத்தில் அறை எண்ணை மாட்டி அலமாரியில் வைப்பார்கள். மறுநாள் அது அதே மேஜைக்கு வரும். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஓட்டலின் நல்ல பெயரே இருந்தது.

மதாம் மொர்வான் புருஷனோடு வந்த காலத்தில் தினம் ஒரு பாட்டில் காலியாகும். அவர் போன பிறகு தனியாக வருகிறார். ஓட்டலின் சாதாரண சிவப்பு ஒயினில் ஒரே ஒரு பாட்டிலை வாங்கி, மருந்து குடிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வாரம் முழுக்க ஓட்டுகிறார். பாவம், அதிலா ஒருத்தி வாய் வைப்பாள்?

ஒருத்தி என்று நொல்வென் நினைத்தது ரொஸ்லினை. பரிமாறுகிறவள். ஒரு காலத்தில் குடித்துக் குடித்தே குடும்பத்தையும் வேலையையும் தொலைத்தவள். அவளை யாரும் வாசலில் சேர்க்காதபோது நொல்வென்தான் வேலை கொடுத்தாள். கொடுத்ததை ஊர் பூராவும் சொல்லியும் வைத்திருந்தாள்.

"சாப்பாட்டோட இங்க வேலை பாக்கறவங்க எல்லாருக்கும் ஊத்தற ஒரு கிளாஸ் ஒயின் உனக்கும் உண்டு. அதுக்கு மேல ஒரு சொட்டு உள்ள போச்சு, அன்னிக்கே வெளியே!" என்பது அவள் போட்ட நிபந்தனை. சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பதை அந்த ஊரில் யாரும் குடி என்று சொல்வதில்லை.

"லோயிக், ரொஸ்லின் நடவடிக்கை எப்படி?" என்று சமையல்காரனை மடக்கினாள்.

லோயிக் தலையைச் சொறிந்தான். "நல்ல மாதிரிதான், மதாம். ஆனா எங்க கூட உக்காந்து குடிக்க மாட்டா. தன் கிளாஸை எடுத்துக்கிட்டு பாட்டில் அலமாரி பக்கம் போவா. வரும்போது கிளாஸ் காலியா இருக்கும்."

"அலமாரி பக்கமா?"

"ஆமா. அங்க என்ன பண்றான்னு..."

"போதும், போதும்!"

சாப்பாட்டுக் கூடத்தில் ரொஸ்லின் சூப் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற விருந்தாளிகள் இன்னும் மாடியிலிருந்து இறங்கவில்லை. ஜன்னலோர மேஜையில் மதாம் மொர்வான் மட்டும்.

"ஏழாம் நம்பர் பாட்டிலைத் தொட்டியா இல்லையா?"

ரொஸ்லினுக்கு முகம் வெளுத்துவிட்டது. மதாம் மொர்வானை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள போய்ப் பேசலாம், மதாம். அவங்க எதிர்ல வேண்டாம்."

"ஏன், வெக்கமா இருக்கா? தொட்டியான்னு கேட்டேன்."

"தொட்டேன்."

"உன் பங்கு கிளாஸ் பத்தலையா? ஊரே ஒதுக்கினவளைச் சேத்துக்கிட்டேன் பாரு, எனக்கு நல்லா வேணும்! ஏப்ரனைக் கழட்டி வெச்சுட்டுக் கிளம்பு."

நொல்வென்னுக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. இங்கிருந்து போனால் இவளுக்கு வேறு கதவு திறக்காது என்பது இருவருக்குமே தெரியும். ஆனாலும் ரொஸ்லின் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

"இரும்மா, கழட்டாதே."

மதாம் மொர்வான் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"மதாம் நொல்வென், ஒரு தடவையாவது என்னை முழுசா பேச விடுங்க. பாட்டில் குறையல. கூடுது! நாளைக்கு நான் ஊருக்குக் கிளம்பறேன், இன்னும் கழுத்து வரைக்கும் நிக்குது. என் நிலைமையைப் பாத்து நீங்கதான் இரக்கப்பட்டு ஊத்தறீங்கன்னு நெனச்சேன். நன்றி சொல்லத்தான் உங்ககிட்ட வந்தேன்."

நொல்வென்னுக்குக் காதெல்லாம் சுட்டது. மெதுவாக ரொஸ்லின் பக்கம் திரும்பினாள்.

"உன் கிளாஸ்லேர்ந்தா? அப்ப நீ தினமும்...?"

"விட்டதுன்னா முழுசா விட்டதுதான், மதாம். அந்த ஒரு கிளாஸும் கிடையாது."

"அடிப் பாவி, இதை என்கிட்ட முதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?"

ரொஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லியிருந்தா, குடிக்காதவளுக்கு எதுக்குன்னு மறுநாளே நிறுத்தியிருப்பீங்க, மதாம். அப்புறம் அவங்க பாட்டிலுக்கு நான் எங்க போவேன்?"