கிரீடத்துக்கு அடியில்
நாலு மாதம் கழுத்தொடிய சாரத்தில் நின்றவள், தேவாலயத்தின் பழைய சுவரோவியத்தில் பிற்காலத்தில் யாரோ மேலே பூசிய கடைசிக் கிரீடத்தையும் ஈரப்பஞ்சால் துடைத்தெடுக்கிறாள். அடியில் கூம்புத் தொப்பி. குழந்தை இயேசுவைக் காண வந்த மூன்று ராஜாக்களும் சன்னல் வெளிச்சத்தில் நெருப்பை வணங்கும் பாரசீகப் பூசாரிகளாக நிற்கிறார்கள். “முதல்ல வரைஞ்சவங்களுக்கு இவங்க யாருன்னு தெரிஞ்சிருக்கு, ஃபாதர்.” பாதிரியார் அண்ணாந்து பார்க்கிறார். “எனக்கும் தெரியும்மா. கோயிலுக்கு வர்றவங்களுக்கு ராஜாதான் வேணும். கிரீடத்தைத் திரும்பப் போட்டுடு.” வாதாடத் தெம்பில்லாமல் அவள் தண்ணீரில் கரையும் வண்ணத்தை எடுக்கிறாள். பின்னால் வருகிற ஒருத்தர் துடைத்துப் பார்க்க வழி விடுவது, பழைய ஓவியங்களைச் சீரமைக்கும் அவள் தொழிலின் தர்மம். “அது வேணாம்மா,” என்கிறார் அவர், ரொம்பத் தன்மையாக. “இனிமே யாரும் துடைக்க முடியாததா போடு.” பூசாரிகள் மூவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் எண்ணெய் வண்ண டப்பாவின் மூடியை நெம்புகிறாள்.