பழைய கூலிக்கே

"ஏத்தின கூலியை இறக்கினா, ஏன் ஏத்தினீங்கன்னு இருக்கிறவங்களும் கேப்பாங்க. பேசாம சாப்பிடுங்க" என்றாள் மனைவி, தையல் மேசையில் இருந்த துணிகளை ஒதுக்கிச் சாப்பாட்டுத் தட்டை வைத்தபடி.

தையல்காரருக்குச் சோறு இறங்கவில்லை. அவள் நச்சரித்ததால்தான் தையல் கூலியை ஒன்றரை மடங்காக்கினார். அடுத்த வாரமே மூன்றில் ஒரு பங்கு வாடிக்கையாளர்கள் கம்பி நீட்டிவிட்டார்கள்.

வரவு குறைந்ததா என்று கேட்டாள் அவள். குறையவில்லை. நூலும் கரண்டும் வேறு மிச்சம். குனிந்தே கிடந்த முதுகுக்கும் கொஞ்சம் ஓய்வு. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது என்பது அவள் கட்சி.

"போனவங்க எல்லாம் துணி உடுத்தாமலா திரியறாங்க? எவனோ தைச்சுக் கொடுக்கிறான். இன்னைக்கு மூணுல ஒருத்தர் போயாச்சு. நாளைக்கு மிச்சமும் அவன்கிட்ட போனா, நான் கடையில ஈ ஓட்டணும்."

"அப்படியெல்லாம் போக மாட்டாங்க" என்றாள் அவள். தட்டைக் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் அவசரமாகக் கிளம்பிவிட்டாள். சொல்லிவிட்டுப் போவது சுலபம். பயம் என்னவோ அவருக்குத்தான்.

கொஞ்ச நேரத்தில் கடை வாசலைக் கடந்தார் ஒரு காவலாளி. முன்பு மாதம் தவறாமல் வந்தவர். காலில் புதிதாக ஓரம் அடித்த கால்சட்டை. தையல்காரர் வெட்கத்தை விட்டு அவரை நிறுத்தி, குனிந்து அந்த ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். மடிப்பு முடியும் இடத்தில் நூலை முன்னும் பின்னும் ஓட்டி, உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. அவருடைய கடை வேலை! இங்கே உட்கார்ந்து பழகாத கைக்கு அது வராது.

எங்கே தைத்தது என்று கேட்டார். காவலாளி நெளிந்தார்.

"பொண்ணுதாங்க கொண்டுபோய்க் கொடுத்தா. பின் தெருவுல, பேப்பர் கடைக்கு மேல மாடியாம். உங்க பழைய கூலிதான் வாங்கறாங்களாம். தப்பா நினைக்காதீங்க, எனக்குக் கட்டுப்படியாகல."

தையல்காரருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. போன வருடம் சண்டை போட்டுக்கொண்டு போன வேலையாள்தான். வளர்த்த கடா மார்பில் பாய்ந்துவிட்டது. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது, அவன் மசியாவிட்டால் இன்றே கூலியை இறக்குவது, மனைவி என்ன கத்தினாலும் சரி என்று முடிவு செய்துகொண்டார்.

கடையை அப்படியே சாத்திவிட்டுப் பின் தெருவுக்கு நடந்தார். மாடிப்படி ஏறும்போதே தையல் மிஷினின் கடகட சத்தம் கேட்டது. கோபத்தில் கதவை உடைப்பதுபோல் தட்டினார். சத்தம் நின்றது. கதவு திறந்தது.

"கொடுக்க முடிஞ்சவங்க உங்ககிட்ட வர்றாங்க, முடியாதவங்க இங்க வர்றாங்க. நம்மளை விட்டு ஒருத்தரும் போகல, போதுமா?" என்றாள், கல்யாணமான புதிதில் அவரிடமே தையல் பழகிய அவர் மனைவி.