நரிக்கு ஆகாத கலர்

"நரிக்கு எந்தக் கலர் ஆகாது?"

மூன்று மாதத்துக்கு முன்னால், பழைய புடவை கேட்டு வாசலில் போய் நின்ற அருணாதேவியிடம் ஓர் அம்மாள் கேட்ட கேள்வி இது.

அருணாதேவிக்குப் பதில் சொல்லவும் கூச்சம், சொல்லாமல் நிற்கவும் கூச்சம். "செவப்பும்மா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள். அந்த அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய், அரக்கு நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி வீடு. வீட்டுக்குப் பக்கத்தில் ஆறு சென்ட் தோட்டம். அதில் வெள்ளரி போட்டிருந்தாள். பௌர்ணமியன்று நடக்கிற கூட்டத்துக்குப் பிஞ்சு விற்றால் அந்த மாதம் ஓடிவிடும். இந்தக் கணக்கு மலையில் இருக்கும் நரிகளுக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது.

சலூனிலிருந்து முடி வாங்கிவந்து வரப்பெல்லாம் தூவினாள். நரி தும்மிவிட்டுத் தின்றது. ரேடியோவை அலறவிட்டாள். நரி உட்கார்ந்து விளம்பரம் வரைக்கும் கேட்டுவிட்டுத் தின்றது. கடைசியில் எல்லோரும் செய்கிற மாதிரி சவுக்குக் கம்பு நட்டு, வீடு வீடாகப் பழைய புடவை வாங்கிச் சுற்றிலும் கட்டினாள். மொத்தம் இருபத்தேழு புடவை. காற்றில் அவை படபடத்ததைப் பார்த்து, இருபத்தேழு பெண்கள் சண்டைக்கு நிற்பதாக நரி நினைத்திருக்க வேண்டும். அப்புறம் அது வரவே இல்லை.

போலீஸ்தான் வந்தது.

உள்ளூர்க்காரரான ஏட்டு கோதண்டராமன் பைக்கை நிறுத்தினார். பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள் பத்மஜா மாமி. கோயில் குருக்கள் வீட்டு மாமி.

"அதோ, அந்த அரக்கு! என் கூறைப் புடவை. காலம்பற கிரிவலம் வரச்சே பார்த்தேன். கால் அப்படியே நின்னுடுத்து."

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமி வீட்டு பீரோவை உடைத்துத் திருடிவிட்டார்கள். ஏட்டுதான் கீழ்பென்னாத்தூர் வரை போய்த் திருடனைப் பிடித்தார். நகை, வெள்ளிப் பாத்திரம் எல்லாம் திரும்பி வந்தன. கல்யாணத்துக்குக் கட்டிய கூறைப் புடவையை மட்டும் திருடன் எரித்துவிட்டானாம், ஏட்டு சொன்னார்.

"நல்லாப் பாருங்க மாமி. வெயில்ல வெளுத்த துணி எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும்."

"வெளுத்தா எனக்குத் தெரியாதா? முந்தானையில பொத்தல் இருக்கு பாருங்கோ, ஹோமத்துல பொறி பட்டது. மத்ததெல்லாம் ரெண்டு கம்புக்குத்தான் வரது. இது ஒம்போது கஜம், மூணு கம்புக்குப் போயிருக்கு!"

ஏட்டு முந்தானைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"காலையில செங்கம் ரோட்டுல நரி எதிர்ல வந்துச்சு மாமி. நரி முகத்துல முழிச்சது வீண் போகல. பழைய கேஸ் முடிஞ்சுது! அந்தப் பய எரிக்கல, இங்க தள்ளிட்டிருக்கான்." அருணாதேவி பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, இது நரிக்குப் போட்ட வேலியா, திருட்டுப் பொருளுக்குப் போட்ட வேலியா?"

அதற்குள் அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"ஐயோ, நானும் ஒரு நைலக்ஸ் குடுத்தேனே! என் பேரும் கேஸ்ல வருமா?" என்று அலறினாள் பக்கத்து வீட்டு பாஞ்சாலை.

"எல்லார் பேரும் வரும். இருபத்தேழையும் அவுத்து ஸ்டேஷனுக்கு எடுத்துனு போறேன்."

அருணாதேவிக்கு ஜெயில் பயம் வரவில்லை. வெள்ளரிப் பயம்தான் வந்தது. நாளை மறுநாள் பௌர்ணமி. வேலி போனால் விடிவதற்குள் ஒரு பிஞ்சு மிஞ்சாது.

"சார், வேலியை மட்டும் விட்டுடுங்க சார்."

"அப்போ இதை யார் குடுத்ததுன்னு சொல்லு."

வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள்.

"வேணாம் சார்."

"உன் வீட்டுக்காரனா? தம்பியா?"

இல்லை என்று தலையாட்டினாள்.

"பார்த்தீங்களா மாமி, யாரையோ காப்பாத்தப் பார்க்கிறா. பெரிய இடமா இருக்கும்."

"ஆமா சார், பெரிய இடந்தான்" என்று முணுமுணுத்தாள்.

ஏட்டுக்கு உற்சாகம் ஜாஸ்தியாகிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எவ்ளோ பெரிய இடமா இருந்தா எனக்கென்ன? இத்தனை பேர் சாட்சியா சொல்றேன். இந்தப் புடவை எந்த வீட்ல இருந்து வந்துச்சோ, அந்த வீட்டுக்காரன்தான் திருடன். விலங்கு மாட்டி இதே கிரிவலப் பாதையில நடத்தி இட்டுனு போவேன். சொல்லு!"

சொல்லிக்கொண்டே அரக்குப் புடவையின் முதல் முடிச்சில் கை வைத்தார். முடிச்சு இளகியது.

அருணாதேவி அவ்வளவு நீளமாகப் பேசியதை அந்தத் தெரு அன்றைக்குத்தான் கேட்டது.

"உங்க வீட்ல இருந்துதான் சார் வந்துச்சு. நரிக்கு எந்தக் கலர் ஆகாதுன்னு கேட்டுட்டு உங்க வீட்டம்மாவே எடுத்துக் குடுத்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கல்யாண நாளுக்கு நீங்க வாங்கியாந்ததாமே? பிளாட்பாரத்துல வாங்கின துணி, கட்டவே முடியாத நீளம், பொத்தல் வேற, இதை நரியே கட்டிக்கட்டும்னு சொன்னாங்க சார்."

தன் வீட்டு பீரோவில் பத்திரமாக இருப்பதாக இதுவரை நினைத்திருந்த புடவையின் முடிச்சை, இளக்கிய ஏட்டு கோதண்டராமன் தானே இறுக்கிக் கட்டினார். பிறகு, ஸ்டார்ட் செய்யக்கூடத் தோன்றாமல் பைக்கைத் தள்ளிக்கொண்டே போய்விட்டார்.